மூட்டுக்குள் காவல் நிற்கும் செல்கள்

மூட்டு வலி என்றாலே நம் வாயில் வருவது ‘தேய்மானம்’தான். வயதானவர்களின் முழங்காலுக்கு அது பெரும்பாலும் சரி. ஆனால் 35 வயதுப் பெண் ஒருவருக்கு விரல் கணுக்கள் வீங்கி, காலையில் துணி பிழிய முடியாமல், பத்து மணிக்கு மேல்தான் கை வழிக்கு வருகிறது என்றால் அதைத் தேய்மானம் என்று விட்டுவிடக் கூடாது. அது முடக்குவாதமாக இருக்கலாம். ஊர்ப்பக்கம் சரவாங்கி என்பார்கள். டாக்டர்கள் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்பார்கள்.

மூட்டின் உட்புறத்தை சைனோவியம் என்ற மெல்லிய சவ்வு மூடியிருக்கிறது. மூட்டு வழுக்கி அசைவதற்கான திரவம் இதிலிருந்துதான் சுரக்கிறது. நல்ல நிலையில் இதன் மேலடுக்கு இரண்டு மூன்று செல் கனம்தான். அந்த அடுக்கில் மேக்ரோபேஜ்கள் இருக்கின்றன. கிருமியை விழுங்கும் செல் என்று பள்ளியில் படித்தோமே, அதே குடும்பம். மூட்டில் அவற்றுக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஜெர்மனியின் எர்லாங்கன் ஆய்வாளர்கள் 2019-ல் வெளியிட்ட எலி ஆய்வில், இவை ஒன்றோடொன்று இறுகப் பிணைந்து மூட்டுக்குத் தடுப்பாக நிற்பது தெரிந்தது. அழற்சி தொடங்கியதும் அந்தப் பிணைப்பு கலைந்துவிட்டது.

இத்தனைக்கும் வம்பு பல நேரம் மூட்டில் தொடங்குவதே இல்லை. சிகரெட் புகை படும் நுரையீரலிலும், நாள்பட்ட ஈறு நோயிலும், நம் புரதங்களில் உள்ள ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் சிட்ருலினாக மாறுகிறது. மரபுவழியில் வாய்ப்பு உள்ளவர்களின் உடல் அந்தப் புரதத்தை அந்நியமாக எடுத்துக்கொள்கிறது. நோய் எதிர்ப்புப் படையைச் சேர்ந்த பி செல்கள் அதற்கு எதிரணுக்களை, அதாவது ஆன்டிபாடி என்ற புரதங்களை, செய்யத் தொடங்குகின்றன. வலி வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இவை ரத்தத்தில் இருக்கக்கூடும். சி.சி.பி என்ற ரத்த டெஸ்ட் தேடுவது இவற்றைத்தான்.

அப்புறம் மூட்டுக்குள் கூட்டம் சேர்கிறது. அதே படையின் இன்னொரு வகையான டி செல்கள் தூண்டிவிட, ரத்தத்திலிருந்து புதிதாக வந்த மேக்ரோபேஜ்கள் டி.என்.எஃப், இன்டர்லியூக்கின்-6 போன்ற சமிக்ஞைப் புரதங்களைக் கொட்டுகின்றன. இன்டர்லியூக்கின்-6 விடியற்காலையில் உச்சத்துக்குப் போகும். காலை இறுக்கத்துக்கு அது ஒரு காரணம். சவ்வு தடித்துப் பெருகி, குருத்தெலும்பின் மேல் படர்ந்து அதை நொதிகளால் அரிக்கிறது. ரத்தக்குழாய் இல்லாத குருத்தெலும்பு, போனால் பழையபடி வளர்வதில்லை.

எலும்பைக் கரைப்பது ஆஸ்டியோகிளாஸ்ட் என்ற செல். என்னை அதிர வைத்தது இதன் பூர்வீகம்: மேக்ரோபேஜ் பிறக்கும் அதே வம்சத்துச் செல்கள் பல ஒன்றாகக் கலந்துதான் இது உருவாகிறது. எலும்போடு ஒட்டிக்கொண்டு, அடியில் அமிலத்தைச் சுரந்து தாதுக்களைக் கரைத்துவிடும். எலி கொறித்தது போன்ற பள்ளங்கள் எக்ஸ்-ரேயில் தெரிவது இதனால்தான். வலி மாத்திரை வலியைக் குறைக்கும், இந்த அரிப்பை நிறுத்தாது. மாத்திரை போட்டு மாதக்கணக்கில் ஓட்டுபவர்களைப் பார்க்கும்போது மனசு பதறுகிறது.

இத்தனை சமிக்ஞைகளில் ஒன்றை மட்டும் அடைத்து என்ன பயன் என்றே பலர் நினைத்தார்கள். லண்டன் கென்னடி ஆய்வு நிறுவனத்தின் மார்க் ஃபெல்ட்மனும், லூதியானாவில் பிறந்த ரவீந்தர் மைனியும், டி.என்.எஃப்பை அடைத்தால் மற்ற சமிக்ஞைகளும் தணிவதைச் சோதனைக்கூடத்தில் கண்டார்கள். 1992-ல் நோயாளிகளுக்கு டி.என்.எஃப்பை அடைக்கும் ஊசியைப் போட்டபோது வீக்கம் வடிந்தது. ஒரு எச்சரிக்கை: நுரையீரலில் உறங்கும் காசநோய்க் கிருமியைச் சிறைவைத்திருப்பதும் டி.என்.எஃப்தான். அதனால் காசநோய்ப் பரிசோதனை செய்யாமல் இந்த ஊசியைத் தொடங்கக் கூடாது. பெரும்பாலோருக்கு முதல் மருந்து இன்றும் மெத்தோட்ரெக்சேட்தான். அது வாரத்துக்கு ஒரே நாள் எடுப்பது. தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து.

2020-ல் கிளாஸ்கோ, ரோம் ஆய்வாளர்கள் நோய் அடங்கியவர்களின் மூட்டுச் சவ்வை எடுத்துப் பார்த்தார்கள். அழற்சியைத் தணிக்கும் ஒருவகை மேக்ரோபேஜ்கள் அங்கே நிறைய இருந்தன. அவை குறைவாக இருந்தவர்களுக்கு, மருந்தை நிறுத்தியபின் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகமாக இருந்தது.