என்கேஜ்மென்ட்: ஈடுபாடா, அளவளாவலா?

அக்கா மகள் மாடித்தோட்டம் பற்றி முகநூலில் எழுதுகிறாள். எழுதுவதைப் பத்துப் பேருக்கு மேல் யாரும் பார்ப்பதில்லை என்ற குறை அவளுக்கு நெடுநாளாக உண்டு. போன மாதம் ஒருநாள் பயிற்சி ஒன்றுக்குப் போய்விட்டு வந்தவள், அங்கே கொடுத்த கையேட்டை என் மேசையில் போட்டு மூன்றாம் பக்கத்தில் ஒரு வரியைக் காட்டினாள். "சமூகங்களில் உண்மையான ஈடுபாட்டின் மூலம் உங்கள் இடுகைகளை ஊக்குவிக்கவும்."

"சித்தி, ஈடுபாடு இல்லாமலா காலைல அஞ்சு மணிக்கு மாடில நிக்கறேன்? இதுக்கு மேல ஈடுபாட்டுக்கு எங்க போறது?"

சரியான கேள்வி. தமிழ் தெரிந்த யார் படித்தாலும் அந்த வரி அப்படித்தான் புரியும். மெய்ப்புப் பார்த்துப் பிழைக்கிறவள் நான். என்கேஜ்மென்ட் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு மொழிபெயர்ப்பாக வரும் இந்த ஈடுபாட்டோடு எனக்குப் பல வருஷப் பகை. ஈடுபாட்டு விகிதம், ஈடுபாட்டு உத்தி, ஈடுபாட்டுத் தூண்டில் என்று அது குட்டி போட்டுக்கொண்டே இருக்கிறது. ஒருமுறை ஏதோ ஒரு இயந்திர மொழிபெயர்ப்பு "உங்கள் பதிவின் நிச்சயதார்த்தம் குறைந்துள்ளது" என்று எழுதிக் கொடுத்தது. அதில் ஆபத்து இல்லை. படிக்கிறவர் சிரித்துவிட்டு என்ன பிழை என்று தானே கண்டுபிடித்துவிடுவார். ஈடுபாடு அப்படியில்லை, பிழை மாதிரியே தெரியாது. அதனால்தான் யாரும் திருத்துவதில்லை.

மூலச் சொல்லை முதலில் முடித்துவிடுவோம். என்கேஜ் என்பது பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. உள்ளே இருக்கும் 'கேஜ்' என்பதற்கு அடகுப் பொருள், பிணையாக வைத்த பொருள் என்று அர்த்தம். வீட்டுக்கடனைச் சொல்லும் மார்ட்கேஜிலும் இதே கேஜ்தான் இருக்கிறது. அங்கே நேர்ப்பொருள் 'செத்த அடகு'. வாக்கை அடகு வைத்தால் கல்யாண நிச்சயம், உழைப்பை அடகு வைத்தால் வேலை ஒப்பந்தம். படைகள் மோதிக்கொள்வதும் என்கேஜ்மென்ட்தான். கடைசியாக வந்து சேர்ந்தது, திரையில் ஒரு பதிவைக் கட்டைவிரலால் தொடுவது.

இந்த இடத்தில் ஈடுபாட்டுக் கட்சிக்காரர்கள் எழுந்து நிற்பார்கள். "பார்த்தீர்களா, ஈடு என்றாலும் அடகுதானே!" உண்மைதான். படு என்பது பாடு ஆனது போல, கெடு என்பது கேடு ஆனது போல, இடு என்பது முதலெழுத்து நீண்டு ஈடு ஆனது. ஈட்டுக்கடன் என்று வங்கிப் பத்திரங்களில் அச்சாகிறது. இலங்கைத் தமிழர்கள் காணியை ஈடு வைத்தேன் என்று இன்றைக்கும் சாதாரணமாகச் சொல்கிறார்கள். கேஜுக்கு ஈடு, என்கேஜ்மென்ட்டுக்கு ஈடுபாடு என்று வரிசையாக எழுதிப் பார்த்தால் அச்சில் வார்த்தது போலப் பொருந்தும். எனக்கும் ஒரு காலத்தில் இது பெரிய கண்டுபிடிப்பாகத் தோன்றியது. அப்புறம் புரிந்தது, சொல்லின் தாத்தா யார் என்று பார்த்துப் பெண் கொடுக்கக்கூடாது. சொல் இப்போது என்ன தொழில் செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

என்ன தொழில் செய்கிறது? வேடிக்கையான ஒரு விஷயம் இருக்கிறது. ஈடுபடு என்ற வினையும் ஈடுபாடு என்ற பெயரும் ஒரே வீட்டில் பிறந்து வேறு வேறு ஊருக்குக் குடிபோய்விட்டன. வினை செய்தித்தாளில் வாழ்கிறது. வழிப்பறியில் ஈடுபட்ட இருவர் கைது, மறியலில் ஈடுபட்டவர்கள் மண்டபத்தில் அடைப்பு, தீயணைப்பு வீரர்கள் மீட்புப் பணியில் ஈடுபட்டனர். மனசு எங்கே இருக்கிறது என்று அங்கே யாரும் கேட்பதில்லை, செய்தார்களா இல்லையா என்பதுதான் கணக்கு. ஆனால் "வழிப்பறியில் ஈடுபாடு கொண்ட இருவர் கைது" என்று எழுதிப் பாருங்கள். ஏதோ சிறுவயது முதலே அந்தக் கலையில் நாட்டமுள்ளவர்கள் மாதிரி ஆகிவிடும். பெயர்ச்சொல்லுக்கு அந்த வேலை ஒத்துவராது. சங்கீதத்தில் ஈடுபாடு, ஆன்மிகத்தில் ஈடுபாடு, படிப்பில் ஈடுபாடே இல்லை என்று ஆசிரியர் குறை சொல்வது, இவைதான் அதன் இடம். அது மனசுக்குள்ளே நடக்கிற சமாசாரம். வெளியிலிருந்து எண்ண முடியாது.

எண்ண முடியாததை வைத்து விகிதம் போடுகிறார்கள் என்பதுதான் என் முதல் வழக்கு. சமூக ஊடகத்தில் என்கேஜ்மென்ட் என்பது சுத்தமான எண்ணிக்கை. டுவிட்டர் தன் புள்ளிவிவரப் பக்கத்தில் கொடுத்திருந்த விளக்கப்படி, பதிவின்மேல் எங்கே தொட்டாலும் அது ஒரு என்கேஜ்மென்ட். மறுபகிர்வு, பதில், விருப்பம் மட்டும் இல்லை. படத்தைத் தொட்டுப் பெரிதாக்கினாலும், எழுதியவர் யார் என்று பெயரைத் தொட்டுப் பார்த்தாலும் கணக்கில் சேரும். பேருந்தில் நின்றுகொண்டு ஒற்றைக் கையால் தள்ளும்போது விரல் தவறிப் பட்டாலும் ஒன்று கூடிவிடும். இதற்குப் பெயர் ஈடுபாடா?

ஃபேஸ்புக் கதை இதைவிடத் தெளிவு. 2016 பிப்ரவரியில் விருப்பக் குறியோடு இதயம், சிரிப்பு, வியப்பு, சோகம், கோபம் என்று ஐந்து முகங்களைச் சேர்த்தார்கள். மறுவருடம் முதல் அந்த முகங்களில் எதை அழுத்தினாலும் ஒரு விருப்பக் குறிக்கு ஐந்து மடங்கு எடை கொடுத்துப் பதிவுகளை மேலே தூக்கினார்கள். கோபத்துக்கும் அதே ஐந்து மடங்கு. இந்த விவரம் 2021இல் உள் ஆவணங்கள் வெளியானபோது தெரியவந்தது. கோப முகத்தின் எடையை 2020இல்தான் பூஜ்யமாக்கினார்களாம். அதாவது கொஞ்ச காலத்துக்கு, ஒருவன் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு பதிவைத் திட்டினால், இன்னொருவன் ரசித்து விருப்பம் இட்டதைவிட அது ஐந்து மடங்கு பெரிய என்கேஜ்மென்ட். திட்டுவதை ஈடுபாடு என்று சொல்லும் தமிழை நான் கேட்டதில்லை. இந்தக் கணக்குக்கு நம்மிடம் நேரான சொல் இருக்கிறது: எதிர்வினை. கோபமும் எதிர்வினை, கைத்தட்டலும் எதிர்வினை. எதிர்வினை விகிதம் என்று எழுதினால் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். எது வந்தாலும் சரி என்று "நண்பரை டேக் செய்யுங்கள், ஆமாம் என்றால் 1 போடுங்கள்" என்று கெஞ்சுகிற பதிவுகளை 2017 டிசம்பரில் ஃபேஸ்புக் கீழே தள்ள ஆரம்பித்தது. அதைத்தான் நம்மவர்கள் ஈடுபாட்டுத் தூண்டில் என்றார்கள். எதிர்வினைப் பிச்சை என்று நான் எழுதுவேன், ஆசிரியர் விட்டால்.

இரண்டாவது வழக்கு அந்த 'உண்மையான' மீது. கையேட்டில் எங்கே பார்த்தாலும் உண்மையான ஈடுபாடு. பொய் ஈடுபாடு என்று தமிழில் ஒன்று உண்டா? அதற்குப் பெயர் நடிப்பு. ஒரு சொல்லுக்கு முன்னால் 'உண்மையான' என்று முட்டுக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்றால் சொல் நிற்கவில்லை என்று பொருள். ஆங்கிலத்தில் அந்த அடைமொழிக்கு வேலை உண்டு, ஏனென்றால் அங்கே என்கேஜ்மென்ட் வெறும் எண்ணாகத் தேய்ந்துவிட்டது.

ஊடாட்டம் என்று ஒரு மாற்றும் சொல்கிறார்கள். அது கணினிப் பாடப்புத்தகங்களில் மனிதருக்கும் இயந்திரத்துக்கும் நடுவே நன்றாக வேலை செய்துகொண்டிருக்கிறது, அங்கேயே இருக்கட்டும்.

சரி, அந்த மூன்றாம் பக்க வரி சொல்ல வந்த காரியத்துக்கு என்ன பெயர்? காரியத்தை முதலில் பார்க்கலாம். மாடித்தோட்டக் குழு ஒன்றில் யாரோ ஒருவர் செம்பருத்திக் கிளையைப் படம் எடுத்துப் போட்டு, இது என்ன வெள்ளையாக என்று கேட்டிருந்தார். கீழே ஒரு பெண்மணி, "சூப்பர் தோழி, அப்படியே நம்ம பக்கமும் வந்து பாருங்க" என்று சுட்டியை ஒட்டிவிட்டுப் போயிருந்தார். செடி சாகக் கிடக்கிறது, இவருக்குச் சூப்பர்! என் அக்கா மகள் அதே இடத்தில் எழுதினாள்: மாவுப்பூச்சி. தண்ணீரைப் பீய்ச்சி அடித்து முதலில் கழுவிவிடுங்கள். அப்புறம் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், எண்ணெய் கரைய இரண்டு சொட்டு சோப்புக் கரைசல், வெயில் தாழ்ந்ததும் இலையின் அடிப்பக்கம் படும்படி அடியுங்கள். எறும்பு ஏறுகிறதா பாருங்கள், பூச்சியைக் காவல் காப்பதே அதுதான். சுட்டி எதுவும் இல்லை. ஒரு வாரம் கழித்து அந்த மனிதர் திரும்பி வந்து, எறும்பு விஷயம் நிஜம், நீங்கள் இதையெல்லாம் எங்காவது எழுதி வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார். அப்போதுதான் கொடுத்தாள்.

இதைத்தான் ரெட்டிட் என்ற இணைய விவாதத் தளத்துக்காரர்கள் தங்கள் வழிகாட்டுதலில் ஒரே வரியில் வைத்திருந்தார்கள். சொந்தத் தளம் வைத்திருக்கும் ரெட்டிட்காரராக இருங்கள், தப்பில்லை. ரெட்டிட் கணக்கு வைத்திருக்கும் தளமாக இருக்காதீர்கள். பத்தில் ஒன்றுக்கு மேல் சொந்தச் சரக்கு வேண்டாம் என்ற கணக்கும் அங்கே நெடுநாள் வழங்கியது.

நம்மிடம் இதற்குச் சொல் இருக்கிறது, ஈராயிரம் வருஷத்துக்குப் பக்கமாக இருக்கிறது: அளவளாவல். சுற்றந்தழால் அதிகாரத்தில் 523ஆம் குறள், "அளவளா வில்லாதான் வாழ்க்கை குளவளாக் கோடின்றி நீர்நிறைந் தற்று". அளாவு என்றால் கலத்தல். அளவளாவு என்றால் நெஞ்சு கலந்து பழகுதல் என்று உரை சொல்கிறார்கள். பழகாதவன் வாழ்க்கை கரையில்லாத குளத்தில் நீர் நிறைந்தது போல. குறள் சொந்தபந்தத்தைப் பற்றிப் பேசுகிறது, வாஸ்தவம். ஆனால் காசு கொடுத்துப் பதிவைப் பத்தாயிரம் பேர் கண்ணில் காட்டிவிட்டு, மறுநாள் ஒருவரும் திரும்பி வரவில்லை என்று புலம்புகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குளம்தான் ஞாபகத்துக்கு வருகிறது. சொல்லும் சாகவில்லை. தலைவர் தொண்டர்களுடன் அளவளாவினார் என்று இன்னும் செய்தியில் வருகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அளவளாவ இரண்டு பேர் வேண்டும். ஈடுபாடு தனியாகவே இருந்துவிடும், மாடியில் விடிகாலையில் நிற்கிற என் அக்கா மகளின் ஈடுபாடு மாதிரி.

உறவாடல் போதாதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். போதும்தான், ஆனால் 'பகையாளி குடியை உறவாடிக் கெடு' என்று ஒரு பழமொழி அதன் வாலில் தொங்குகிறதே. சுட்டி ஒட்டுகிற தோழிகளுக்கு வேண்டுமானால் அதைக் கொடுக்கலாம்.

அந்த வரியில் மிச்சமிருக்கும் இரண்டு சொற்களையும் விட மனசில்லை. ஊக்குவிக்கவும்! மனிதரை ஊக்குவிக்கலாம், மாணவரை ஊக்குவிக்கலாம். மனசு இருந்தால்தான் ஊக்கம் வரும். பதிவை எப்படி ஊக்குவிப்பது, முதுகில் தட்டிக் கொடுத்தா? அகராதியில் முதலில் கண்ணில் பட்ட சொல்லை எடுத்து ஒட்டுகிற மொழிபெயர்ப்பாளர் கைவேலை இது. பரப்புங்கள், தெரியப்படுத்துங்கள், விளம்பரம் செய்யுங்கள் என்றால் என்ன குறைந்துவிடும்? விளம்பு என்றாலே சொல்லுதல்தான். நாகர்கோவில் பக்கம் சோறு பரிமாறுவதற்கும் அதே சொல். அடுத்தது சமூகங்கள். கல்யாண மாலை விளம்பரம் படித்து வளர்ந்த நாட்டில், "உங்கள் சமூகத்தில் ஈடுபாடு காட்டுங்கள்" என்று எழுதினால் சாதிச் சங்கத்துக்குச் சந்தா கட்டச் சொல்வதாகத்தான் படும். யாகூ காலத்திலிருந்தே இணையத் தமிழர்கள் குழுமம் என்றார்கள், இப்போது எல்லோரும் குழு என்கிறார்கள். இரண்டும் கையில் இருக்கும்போது எதற்குச் சமூகம்?

இதையெல்லாம் பேசி முடித்து, கையேட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதிக் கொடுத்தேன்: "குழுக்களில் மற்றவர்களுடன் அளவளாவி உங்கள் பதிவுகளைத் தெரியப்படுத்துங்கள்."

அக்கா மகள் இரண்டு முறை படித்தாள். "அளவளாவி கொஞ்சம் மேடைப்பேச்சு மாதிரி இருக்கு சித்தி. 'பேசிப் பழகி'ன்னு போட்டுக்கட்டுமா?"

பென்சிலை அவளிடமே கொடுத்துவிட்டேன்.