பழைய 520டி-யா, இ250-யா? வாங்கறதுக்கு முன்னாடி ஒரு காலை நேரம் ஒதுக்குங்க

"அண்ணா, கையில பன்னெண்டு லட்சம் இருக்குங்க, பிஎம்டபிள்யூ 520டி எடுக்கட்டுமா, பென்ஸ் இ250 எடுக்கட்டுமா, எதுங்க இன்னும் பத்து வருஷம் தாங்கும்?" இந்தக் கேள்வி வராத வாரமே இல்ல. கோயம்புத்தூர்ல பதினாறு வருஷமா ஐரோப்பிய கார் மட்டுமே பார்த்துட்டு இருக்கேன், ரெண்டு வண்டியையும் லிஃப்ட்ல தூக்கி, இன்ஜினை இறக்கி, கியர்பாக்ஸ் பேனை (அடியில ஆயில் நிக்கற தட்டு) கழட்டிப் பார்த்த அனுபவத்துல சொல்றேன், எந்த கம்பெனிங்கறதை விட எந்த வருஷம், எந்த இன்ஜின், யாரு வச்சிருந்தாங்க, இந்த மூணுதான் அந்தப் பத்து வருஷத்தை முடிவு பண்ணும்.

என் முடிவை முதல்லயே சொல்லிடறேன். 2010ல இருந்து 2013 வரைக்கும் வந்த வண்டின்னா நான் இ250 சிடிஐ பக்கம்தான் நிப்பேன். அதுக்கு அப்புறம் வந்த பி47 இன்ஜின் போட்ட 520டி கிடைச்சா தயங்காம பிஎம்டபிள்யூ எடுங்கன்னு சொல்லுவேன். ஏன்னு விவரமா எழுதறேன், கொஞ்சம் நீளம்தான், ஆனா லட்சக்கணக்குல காசு போடப் போறீங்க, பத்து நிமிஷம் ஒதுக்கிப் படிச்சுடுங்க.

இந்த வண்டிங்க நம்ம ஊருக்கு இவ்வளவு வர்றதுக்கு ஒரு காரணம் டெல்லி. 2015ல பசுமைத் தீர்ப்பாயம் பத்து வருஷத்துக்கு மேலான டீசல் வண்டி டெல்லி சுத்துவட்டாரத்துல ஓடக்கூடாதுன்னு சொல்லுச்சு, 2018ல சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி பண்ணுச்சு, அதுல இருந்து ஒன்பதாவது வருஷம் வந்தாலே அங்க வண்டியைத் தள்ளிவிட ஆரம்பிச்சுட்டாங்க. புதுசா 40 லட்சத்துக்கு மேல வித்த கார் கால்வாசி விலைக்கு வருதுன்னா யாருக்குத்தான் ஆசை வராது, தப்பே இல்ல. ஆனா ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க, காரோட விலைதான் கால்வாசி ஆச்சு, பார்ட்ஸ் விலை இன்னும் 40 லட்ச ரூபா காரோட விலையிலதான் இருக்கு. என்ஓசி, மறுபதிவு, நம்ம ஸ்டேட் லைஃப் டாக்ஸ் எல்லாம் தனி.

சரி, 520டி-க்கு வருவோம். எஃப்10 பாடி, ஆரம்பத்துல வந்த இன்ஜின் என்47, 2 லிட்டர், 184 குதிரைத்திறன். ஓட்டறதுக்கு அருமையான இன்ஜின், மைலேஜும் நல்லா தரும், அதுல எனக்கு எந்தக் குறையும் இல்ல. பிரச்சனை டைமிங் செயின். பொதுவா நம்ம பார்த்துப் பழகின வண்டிகள்ல செயின் இன்ஜினோட முன்பக்கம் இருக்கும், கவரைக் கழட்டினா கைக்கு எட்டும். என்47ல அதைப் பின்னாடி, கியர்பாக்ஸ் ஒட்டற பக்கம் வச்சுட்டாங்க. செயினை மாத்தணும்னா கியர்பாக்ஸை இறக்கணும், பல நேரம் இன்ஜினையே வெளிய எடுக்க வேண்டி வரும். அந்தச் செயினை ஓட்டற கீழ்ப் பல்சக்கரம் வேற கிராங்க் ஷாஃப்ட்டோட ஒரே துண்டா இருக்கு, பல்லு தேஞ்சிருந்தா கிராங்க்கையே மாத்தணும், அப்ப பில் எங்க போய் நிக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. 2007ல இந்த இன்ஜின் வந்தப்போ இருந்த முதல் சில வருஷத்து வண்டிகள்லதான் இது அதிகம், பின்னாடி வந்ததுல குறைஞ்சுது, ஆனா முழுசா போயிடல, ஐரோப்பாவுலயும் இது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தான்.

அறுந்தா என்ன ஆகும்? வால்வும் பிஸ்டனும் மோதும், அவ்வளவுதான், இன்ஜின் முடிஞ்சுது. நல்ல விஷயம் என்னன்னா செயின் பெரும்பாலும் சொல்லிட்டுத்தான் போகும். காலையில முதல் ஸ்டார்ட்டுல, இன்ஜின் சில்லுன்னு இருக்கறப்போ, பின்பக்கம் ஃபயர்வால் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்கற தகடு) கிட்ட இருந்து ஒரு சரசரன்னு உரசற சத்தம் வரும். 1500, 2000 ஆர்பிஎம்ல மெதுவா வச்சுக் கேட்டா தெளிவா தெரியும். நான் நீளமான ஸ்க்ரூ டிரைவரோட பிடியைக் காதுல வச்சு, நுனியை பெல் ஹவுசிங் (இன்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ற இடத்துக் கூடு) பக்கத்துல ஊணி கேப்பேன், டீசல் இன்ஜினோட சாதாரண டக்டக் ஒரு தாளத்துல போகும், செயின் சத்தம் அந்தத் தாளத்துக்கு நடுவுல இரும்புச் சங்கிலியைத் தகரத்துல இழுக்கற மாதிரி கேக்கும். ஒரு தடவை கேட்டுட்டா மறக்கவே மாட்டீங்க.

இதனாலதான் வண்டியை சில்லுன்னு இருக்கறப்போ பார்க்கணும்னு தொண்டை கிழிய சொல்லிட்டு இருக்கேன். ரெண்டு வருஷம் முன்னாடி திருப்பூர்ல இருந்து ஒரு தம்பி, பனியன் கம்பெனி வச்சிருக்கார், ஒரு ஜெர்மன் செடான் பார்க்கப் போனார், என்னையும் கூட்டிட்டுப் போனார், எந்த பிராண்டுங்கறது இங்க வேண்டாம். காலையில ஏழு மணி. பெயிண்ட் கண்ணாடி மாதிரி, உள்ள லெதர் வாசனை, தம்பி முகத்துல அப்பவே சந்தோஷம். நான் எதுவும் பேசாம பானட் மேல கையை வச்சேன், சுடுது. ராத்திரி பூரா நின்ன வண்டி ஏழு மணிக்கு எப்படிச் சுடும்? "இப்பத்தானுங்க வாஷ் பண்ண எடுத்துட்டுப் போனோம்"னாங்க. சரிங்கன்னு சொல்லிட்டு வந்துட்டோம். ரெண்டு நாள் கழிச்சு, சொல்லாம கொள்ளாம, ஆறரைக்கே போய் நின்னோம். பானட் ஐஸ் மாதிரி இருந்துச்சு. ஸ்டார்ட் பண்ணின முதல் நாலு செகண்ட்லயே தம்பி என் முகத்தைப் பார்த்தார், நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அட்வான்ஸ் கொடுக்காம திரும்பி வந்தோம், வர்ற வழியில அவர் பேசவே இல்ல, ஆனா அன்னைக்கு அவருக்கு மிச்சமானது சின்னத் தொகை இல்ல.

இப்ப இ250 சிடிஐ. டபிள்யூ212 பாடி, ஓஎம்651 இன்ஜின், 2143 சிசி, 204 குதிரைத்திறன், 500 நியூட்டன் மீட்டர் டார்க். இதுலயும் டைமிங் பின்பக்கம்தான், நிறைய பேருக்கு இது தெரியாது, "பென்ஸ்ல அந்தப் பிரச்சனையே கிடையாதுங்க"ன்னு விக்கறவங்க சொல்லுவாங்க. இருக்கு, ஆனா அமைப்பு வேற, பாதி வேலையைப் பல்சக்கரங்கள் பார்த்துக்கும், செயின் சின்னது, அதனால அது மேல விழற பாரம் குறைவு. என் கண்ணுல பட்ட வரைக்கும் ஒழுங்கா ஆயில் மாத்தின ஓஎம்651 ரொம்ப தூரம் போகுது. எங்ககிட்ட வர்ற ஒரு மில் ஓனரோட இ250, 2,40,000 கி.மீ. தாண்டிடுச்சு, ஹெட் இன்னும் கழட்டல.

அதுக்காக இதுல குறையே இல்லன்னு இல்ல. ஆரம்ப வருஷத்து ஓஎம்651ல போட்டிருந்த பியெஸோ வகை இன்ஜெக்டர் (டீசலை சிலிண்டருக்குள்ள பீச்சற பாகம்) ரொம்பத் தொல்லை கொடுத்துச்சு, கம்பெனியே பின்னாடி சாதாரண சோலனாய்டு வகைக்கு மாத்திட்டாங்க. அதனால 2010, 2011 வண்டின்னா எந்த இன்ஜெக்டர் இருக்குன்னு பார்த்துட்டுத்தான் பேசவே ஆரம்பிக்கணும். இன்னொண்ணு இன்ஜெக்டர் சீல். இன்ஜெக்டர் அடியில ஒரு சின்ன செப்பு வாஷர் இருக்கும், அது விட்டுட்டா எரிஞ்ச கேஸ் மேல வந்து தார் மாதிரி கறுப்பா கட்டிப்போயிடும். இன்ஜின் கவரைத் தூக்கிப் பாருங்க, இன்ஜெக்டரைச் சுத்தி நிலக்கரி மாதிரி ஏதாவது ஒட்டியிருந்தா, இல்ல ஐடில்ல "ச்சுப் ச்சுப்"னு காத்து விடற சத்தம் கேட்டா, அதுதான். வாஷர் விலை ரொம்பக் கம்மி. ஆனா கவனிக்காம விட்டா அந்தத் தார் இறுகி இன்ஜெக்டரைப் பிடிச்சுக்கும், அதை உடையாம வெளிய எடுக்கறதுக்குள்ள உயிர் போயிடும், சில நேரம் ரெண்டு நாள் அதே வேலையா இருக்கும்.

கியர்பாக்ஸ்ல பிஎம்டபிள்யூவுக்குத்தான் என் ஓட்டு. 520டி-ல இருக்கற இசட்எஃப் எட்டு ஸ்பீட் மாதிரி உழைக்கற ஆட்டோமேட்டிக்கை நான் அதிகம் பார்த்ததில்ல. ஒரே நிபந்தனை, ஆயில் மாத்தணும். "லைஃப்டைம் ஆயில், மாத்தவே வேண்டாம்"னு சொல்லுவாங்க, ஆனா அந்த கியர்பாக்ஸைச் செஞ்ச இசட்எஃப் கம்பெனியே 80,000ல இருந்து 1,20,000 கி.மீ.க்குள்ள, இல்ல எட்டு வருஷத்துல மாத்தச் சொல்றாங்க. இதுல ஃபில்டரும் பிளாஸ்டிக் பேனும் ஒரே துண்டு, அதனால ஃபில்டர் மாத்தணும்னா பேனையே மாத்தணும், காசை மிச்சம் பிடிக்க வெறும் ஆயிலை வடிச்சு ஊத்திட்டு "சர்வீஸ் ஆச்சு"ன்னு சொல்ற இடமும் இருக்கு, பில்லுல பேன் வாங்கின கணக்கு இருக்கான்னு பாருங்க. லெவல் பார்க்கறதும் குத்துமதிப்பா கிடையாது, இன்ஜின் ஓடிட்டு இருக்கணும், ஆயில் 40 டிகிரி கிட்ட இருக்கணும், ஸ்கேனர்ல டெம்பரேச்சரைப் பார்த்துட்டே செய்யணும்.

இ250ல முதல் சில வருஷம் அஞ்சு ஸ்பீட், அப்புறம் ஏழு ஸ்பீட் 7ஜி. இந்த 7ஜில கியரை ஆட்டற கம்ப்யூட்டரும் ஸ்பீட் சென்சாரும் கியர்பாக்ஸுக்கு உள்ளேயே, கொதிக்கற ஆயில்ல முழுகி இருக்கற ஒரு பிளேட்ல இருக்கு. சென்சார் போச்சுன்னா வண்டி ஒரே கியர்ல பூட்டிக்கும், பொள்ளாச்சி ரோட்டுல நாற்பது ஸ்பீடுக்கு மேல போகாம ஊர்ந்து வந்தவங்க இருக்காங்க. புது பிளேட் போட்டா ஆன்லைன் கோடிங் பண்ணாம ஓடாது, திருட்டுத் தடுப்போட பின்னிப் பிணைஞ்சது. ஆயில் விஷயத்துலயும் கவனம், பழைய 7ஜிக்கு சிவப்பு ஆயில், 7ஜி பிளஸ்ஸுக்கு நீலம், ரெண்டையும் கலக்கவே கூடாது. வடிக்கறப்போ ஊதா மாதிரி ஒரு கலர் வந்துச்சுன்னா எவனோ ஏற்கனவே கலந்து வச்சிருக்கான்னு அர்த்தம்.

இப்ப எனக்கு ரொம்ப வருத்தம் தர்ற விஷயத்துக்கு வர்றேன். செயினா இருந்தாலும் டர்போவா இருந்தாலும் முக்காவாசி இன்ஜின் இன்ஜின் ஆயிலாலதான் சாகுது. செயினை இறுக்கிப் பிடிக்கற டென்ஷனர் வேலை செய்யறதே ஆயில் பிரஷர்லதான். டிஸ்ப்ளேல "சர்வீஸுக்கு இன்னும் இவ்வளவு கி.மீ. இருக்கு"ன்னு காட்டற அந்த நீளமான இடைவெளி ஐரோப்பாவோட சுத்தமான டீசலுக்குப் போட்ட கணக்கு, அங்க கந்தகம் 10 பிபிஎம் (பத்து லட்சத்துல பத்து பங்கு). நம்ம நாட்டுல பிஎஸ்3 (பாரத் ஸ்டேஜ், நம்ம புகை விதி) டீசல்ல 350, பிஎஸ்4ல 50. பிஎஸ்4 நாடு முழுக்க வந்ததே 2017 ஏப்ரல்ல, 10 பிபிஎம் பிஎஸ்6 வந்தது 2020ல. ஒரு 2012 வண்டி தன்னோட இளமைக் காலம் முழுக்க எந்த டீசலைக் குடிச்சு ஓடியிருக்கும்னு யோசிங்க. கந்தகம் அதிகமானா ஆயில் சீக்கிரம் அமிலமாகும், அதுக்கு மேல நம்ம வெயில், டிராஃபிக். அதனால டிஸ்ப்ளே என்ன சொன்னாலும் 8,000ல இருந்து 10,000 கி.மீ.க்குள்ள மாத்திடுங்க, என்47க்கு 5.2 லிட்டர் எல்எல்-04 ஸ்பெக், ஓஎம்651க்கு 6.5 லிட்டர் 229.51 ஸ்பெக் (ரெண்டும் அந்தந்த கம்பெனியோட ஆயில் தர எண், டப்பாவுல போட்டிருக்கும்). இப்படி மாத்தின ஒரு 520டி எங்ககிட்ட 1,90,000 கி.மீ. ஓடியிருக்கு, ஒரிஜினல் செயின்தான், அதனால என்47ன்னாலே ஓடிடுங்கன்னு நான் சொல்லல, பில் இல்லாத என்47 பக்கமே போகாதீங்கன்னு சொல்றேன்.

பின்னாடி வந்த பி47ல (190 குதிரைத்திறன்னு போட்டிருந்தா அதுதான்) செயின் இடம் மாறல, இன்னமும் பின்பக்கம்தான், ஆனா முன்ன மாதிரி புகார் இல்ல. நம்ம ஊர்ல மாடல் வருஷத்தை நம்பாதீங்க, வின் நம்பரோட (சேசிஸ் நம்பர்) கடைசி ஏழு எழுத்தைப் போட்டு எந்த இன்ஜின்னு பார்த்துடுங்க. அப்படியே ஷோரூம்ல ரீகால் ஏதாவது பாக்கி இருக்கான்னும் கேளுங்க. 2018ல பிஎம்டபிள்யூ உலகம் முழுக்க 16 லட்சம் டீசல் வண்டிகளை ஈஜிஆர் கூலருக்காக (இன்ஜினுக்குத் திரும்பப் போற புகையைக் குளிர வைக்கற பாகம்) திரும்ப அழைச்சாங்க, கூலன்ட் கசிஞ்சு கரியோட சேர்ந்து தீப்பிடிக்கற வாய்ப்பு இருந்துச்சு, இதெல்லாம் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

சென்னை வண்டின்னா தண்ணி பாருங்க. 2015 டிசம்பர், 2023 மிக்ஜாம், ரெண்டுலயும் எத்தனையோ நல்ல கார் முழுகுச்சு, அதுல பலது கழுவித் துடைச்சு வெளியூர்ல வித்தாச்சு. சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுங்க, மேல பளபளன்னு இருக்கும், உள்ள சுருண்டு கிடக்கற கடைசி ஒரு அடியில மண்ணு கோடு நிக்கும். டிக்கி கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்க, ரெண்டு வண்டியிலயும் எலெக்ட்ரானிக் பாக்ஸ் அங்க இருக்கு, கனெக்டர்ல பச்சை பூத்திருந்தா எவ்வளவு கம்மியா கொடுத்தாலும் வேண்டாம், அது வருஷக்கணக்கா உங்களை அலைய விடும்.

கி.மீ. மாத்தறது சுலபம்னு நினைக்கறாங்க, மீட்டர்ல மாத்தலாம், ஆனா இந்த வண்டிங்க அதை வேற வேற மாட்யூல்லயும் எழுதி வச்சுக்கும், பிஎம்டபிள்யூவோட சாவியிலயே இருக்கும். பிஎம்டபிள்யூவுக்கு ஐஸ்டா, பென்ஸுக்கு ஸென்ட்ரி, இந்த சாஃப்ட்வேர் இருக்கற இடத்துல ஒரு மணி நேரம் கொடுத்து படிக்கச் சொல்லுங்க.

பன்னெண்டு லட்சம் இருந்தா ஒன்பதரை லட்சத்துக்கு வண்டி பாருங்க, மிச்சத்தை பேங்க்லயே விடுங்க. முதல் வருஷத்துல கியர்பாக்ஸ் ஆயில், பிரேக், டயர் (520டி-ல ரன்ஃபிளாட், பஞ்சர் ஆனாலும் கொஞ்ச தூரம் ஓடற வகை, விலை ஜாஸ்தி), சஸ்பென்ஷன் புஷ்னு அது தானா செலவாகும். வண்டி பார்க்க என்னை மாதிரி யாரையாவது கூட்டிட்டுப் போறதா இருந்தா முதல் நாளே சொல்லிடுங்க, விக்கறவர்கிட்ட மட்டும் நேரம் சொல்லாதீங்க, ஆறரை மணிக்கு முன்னாடி போயிடலாம், பானட் சில்லுன்னு இருக்கணும்.