வுமன் ஆஃப் கலர்: தமிழில் எப்படிச் சொல்வது?

2020-இல் கமலா ஹாரிஸ் அமெரிக்கத் துணை அதிபராகத் தேர்வானபோது, அவரைப் பற்றிய செய்திகளில் ‘வுமன் ஆஃப் கலர்’ (woman of color; வெள்ளையரல்லாத பெண்ணைக் குறிப்பது) என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது. தாய் சியாமளா சென்னையில் பிறந்தவர். தந்தை ஜமைக்கா நாட்டவர். ‘கறுப்பினப் பெண்’ என்று தமிழில் எழுதினால் தாய்வழி விடுபடுகிறது. ‘வண்ணப் பெண்’ உடையையும் ஒப்பனையையும்தான் நினைவூட்டும். ‘வெள்ளையரல்லாத பெண்’ பொருளளவில் சரி. ஆனால் வெள்ளையரை அளவுகோலாக நிறுத்தி ஒருவருக்குப் பெயர் வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இதை ‘கலர்டு’ என்ற பழைய சொல்லோடு குழப்பக் கூடாது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் தண்ணீர்க் குழாய்க்கு மேலும் காத்திருப்பு அறை வாசலிலும் எழுதி வைத்து, கறுப்பின மக்களை ஒதுக்கிய சொல் அது. ‘வுமன் ஆஃப் கலர்’ பெண்கள் தாங்களே சூட்டிக்கொண்ட பெயர்.

1977 நவம்பரில் ஹூஸ்டன் நகரில் தேசிய மகளிர் மாநாடு கூடியது. செயல்திட்டத்தில் ‘சிறுபான்மைப் பெண்கள்’ பற்றி இருந்த பகுதி போதாது என்று கறுப்பினப் பெண்கள் தங்கள் கோரிக்கைகளைத் தனியே எழுதிக் கொண்டுவந்தார்கள். லத்தீன் அமெரிக்க, ஆசிய, பூர்வகுடிப் பெண்கள் “எங்களையும் சேருங்கள்” என்றார்கள். சேர்ந்தபின் பொதுப்பெயர் தேவைப்பட்டது. அப்படிப் பிறந்ததே இச்சொல் என்கிறார் செயல்பாட்டாளர் லொரெட்டா ராஸ். இது பிறப்பால் வருவதல்ல, சேர்ந்து உழைப்போம் என்ற உறுதி என்பது அவர் விளக்கம்.

இதை மனத்தில் வைத்தால் ‘பன்னிற மகளிர்’ பொருந்தும் என்பது என் துணிபு. பல நிறத்தவர் ஒரே அணியில் நிற்பதைப் ‘பன்னிறம்’ காட்டுகிறது. ‘மகளிர்’ எப்போதும் பன்மை. கூட்டணியின் பெயருக்கு அதுவே வேண்டும். தனியொருவரை அவரவர் இனம் சொல்லியே குறிக்கலாம்.

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்துப் பருத்திக் காட்டுத் தொழிலாளி ஃபேனி லூ ஹேமர், 1962-இல் வாக்காளராகப் பதியப் போனதற்காகவே பண்ணையிலிருந்து வெளியேற்றப்பட்டார். பிறகு ஊர் ஊராகப் போய் மக்களை வாக்குரிமைக்குத் திரட்டினார். அவரைக் கறுப்பினச் செயல்பாட்டாளர் என்றே எழுதுவோம். 1968-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் அவைக்குத் தேர்வான முதல் கறுப்பினப் பெண் ஷர்லி சிஸம். அவருக்கு நான்காண்டு முன்பே, 1964-இல், ஹவாயிலிருந்து தேர்வான பாட்சி மிங்க் ஜப்பானிய வழியினர். அந்த அவைக்குள் நுழைந்த பன்னிற மகளிருள் அவரே முதலாமவர்.