செவ்வாயும் வெள்ளியும் வரும் வயிற்றுவலி

மார்த்தாண்டம் பக்கம் குழந்தை மருத்துவராக இருக்கிறேன். வயிற்றுவலி என்று தினமும் நாலைந்து பிள்ளைகளாவது வருவார்கள். பெரும்பாலும் மலச்சிக்கல், பூச்சி, முந்தின நாள் தின்ற ஏதாவது.

ஒரு பாட்டி தன் எட்டு வயதுப் பேரனைக் கூட்டி வந்தபோதும் அப்படித்தான் நினைத்தேன். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) அப்பா ஆழ்கடலுக்குப் போனால் திரும்ப வாரக்கணக்காகும். பூச்சி மருந்து எழுதி அனுப்பிவிட்டேன். இரண்டு வாரம் கழித்து மறுபடி வந்தான், கையில் புதுக் கறுப்புக் கயிறோடு. "பயந்திருப்பான்னு மந்திரிச்சுக் கட்டினேன் டாக்டரே. ராத்திரி பாயில மோளுதான்" என்றார் பாட்டி. அந்தப் பழக்கம் நின்று நாலு வருஷமான பிள்ளை! எந்தெந்த நாள் வலிக்கிறது என்று கேட்டேன். பாட்டி யோசித்து, "செவ்வாயும் வெள்ளியும்" என்றார். டியூஷன் நாட்கள்.

முதல் தடவையே கேட்டிருக்க வேண்டும். அந்த இரண்டு வாரம் என் தப்பு.

"மக்களே, டியூஷன்ல என்னெல்லாம் நடக்கும்?" என்று மட்டும் கேட்டேன். "அவர் தொட்டாரா?" என்று நாமே எடுத்துக் கொடுக்கக் கூடாது.

ஒரே அறிகுறியை வைத்துப் பாலியல் கொடுமை என்று முடிவுகட்ட முடியாது. தம்பி பிறந்தாலும் சில பிள்ளைகள் படுக்கையை நனைப்பார்கள். ஆனால் குறிப்பிட்ட ஒருவரைக் கண்டு ஒதுங்குவது, உடை மாற்ற மறுப்பது, வயதுக்கு மீறிய பாலியல் பேச்சு, யார் தந்தது என்று சொல்லாத காசு இவையெல்லாம் சேர்ந்து வந்தால் கவனியுங்கள். பிறப்புறுப்பில் வலியோ காயமோ இருந்தால் அன்றைக்கே காட்டுங்கள். காயம் இல்லை என்பதால் ஒன்றும் நடக்கவில்லை என்று ஆகாது.

"ஆம்பளப் பிள்ளதானே" என்பார்கள். 2007இல் மத்திய அரசு வெளியிட்ட ஆய்வில், பாலியல் கொடுமைக்கு ஆளானதாகச் சொன்ன பிள்ளைகளில் பாதிக்கு மேல் ஆண்பிள்ளைகள்.

பிள்ளை வாய்திறந்தால் நம்புங்கள். "ஏன் அன்னைக்கே சொல்லல?" என்று மட்டும் கேட்காதீர்கள். சித்தி, மாமா என்று ஆளாளுக்குத் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள். குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குக் கூப்பிடலாம். ஊர்க்கமிட்டியில் பேசி முடிக்கிற விஷயம் இல்லை இது. பிள்ளைகளைப் பாலியல் கொடுமையிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி, விஷயம் தெரியவந்த யாரும் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும், நான் உட்பட.

பாட்டிக்கு வீட்டு வாசலில் ஜீப் வந்து நிற்குமோ என்றுதான் பயம். பிள்ளையிடம் வாக்குமூலம் வாங்க வருபவர் சீருடையில் வரக் கூடாது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. வந்த பெண் எஸ்.ஐ. சாதாரணச் சேலையில்தான் வந்தார். யாரென்று கேட்ட பக்கத்து வீட்டுக்காரியிடம், "மருமக வழியில சொந்தம்" என்று சொல்லிவிட்டாராம் பாட்டி.