அமைதியாக இருப்பவரை முதலில் பாருங்கள்: ஆம்புலன்ஸ் பணிக்குப் பயிற்சி பெறுவோருக்கு

வேலூரில் ஆம்புலன்ஸ் பணிக்குப் பயிற்சி பெறும் இளைஞர்களுக்கு வகுப்பெடுக்கும்போது நான் திரும்பத் திரும்ப வற்புறுத்துவது ஒன்றுதான்: சம்பவ இடத்தில் அதிகம் கத்துபவரே அதிக ஆபத்தில் இருக்கிறார் என்று எண்ணிவிடாதீர்கள். கத்துவதற்கு மூச்சுப்பாதை திறந்திருக்க வேண்டும், நுரையீரலுக்குள் காற்று போய்வர வேண்டும், மூளைக்கு ரத்தம் சென்றுகொண்டிருக்க வேண்டும்; இந்த மூன்றும் அவரிடம் இருக்கின்றன என்பதை அவருடைய குரலே சொல்லிவிடுகிறது.

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் பள்ளிகொண்டா பக்கம் நடக்கும் விபத்துகளில் நான் பார்த்துப் பழகிய காட்சி இது. ஓரமாக நின்ற லாரியின் பின்புறம் இருசக்கர வாகனம் மோதியிருக்கும். ஓட்டியவர் கால் முறிந்து அலறுவார். கூட்டம் முழுவதும் அவரைச் சூழ்ந்து நிற்கும். பின்னால் அமர்ந்து வந்தவர் சாலைத்தடுப்பில் சாய்ந்தபடி, "எனக்கு ஒண்ணும் இல்ல சார், அவனைப் பாருங்க" என்பார். அவருடைய மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தால் தோல் சில்லிட்டிருக்கும், நெற்றியில் வியர்வை பூத்திருக்கும், நாடி நிமிடத்திற்கு 120-ஐத் தாண்டி மெலிந்து ஓடும், ஆனால் ரத்த அழுத்தமோ 110/80 என்று சாதாரணமாகவே காட்டும். வயிற்றுக்குள் ரத்தம் கசியும்போது உடல் தன் ரத்தக்குழாய்களைச் சுருக்கியும் இதயத்தை வேகப்படுத்தியும் அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. பெரியவர் ஒருவரின் மொத்த ரத்தத்தில் ஏறத்தாழ 30 சதவீதம், அதாவது சுமார் ஒன்றரை லிட்டர், இழந்த பிறகே அழுத்தம் வெளிப்படையாகச் சரியத் தொடங்குகிறது. ஆகவே அழுத்தம் இறங்கட்டும் என்று காத்திருப்பவர் காலம் கடந்தே விழித்துக்கொள்கிறார். நகத்தை அழுத்தி விட்டபின் சிவப்பு திரும்ப இரண்டு நொடிக்கு மேல் ஆகிறதா என்று பார்ப்பதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை.

வரிசையை எந்தப் பதற்றத்திலும் மாற்றாதீர்கள். பீறிட்டு வரும் ரத்தத்தை முதலில் நிறுத்த வேண்டும். நேரடியாக அழுத்தியும் கை கால்களில் நிற்காவிட்டால் இறுக்குப்பட்டை போட்டு, போட்ட நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்தது மூச்சுப்பாதை. கழுத்தில் அடி இருக்குமோ என்ற ஐயம் இருந்தால் தலையைப் பின்னால் சாய்க்காமல் தாடையை மட்டும் முன்னோக்கித் தள்ள வேண்டும். பிறகு மூச்சு. பதிவேடுகளில் நான் அதிகம் காணும் பொய், சுவாச எண்ணிக்கை என்ற கட்டத்தில் எண்ணாமலே எழுதப்படும் 18 அல்லது 20. நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே மார்பின் ஏற்ற இறக்கத்தை அரை நிமிடமாவது எண்ணி இரட்டிப்பாக்குங்கள்; சீரற்றிருந்தால் முழு நிமிடமும் எண்ணுங்கள். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இயல்பு; 30-ஐ எட்டுகிறது என்றால், ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்க விரலில் மாட்டிய கருவி 97 சதவீதம் என்று காட்டினாலும் அவர் சோர்ந்து விழும் தறுவாயில் இருக்கலாம். குளிர்ந்த விரலிலும் நகச்சாயம் பூசிய விரலிலும் அந்தக் கருவி தவறாகக் காட்டக்கூடும் என்பதையும் மறவாதீர்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், இடம் பாதுகாப்பானதா என்ற கேள்வி இருக்கிறது. ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி எனத் தோல் தொழில் பரவியிருக்கும் பழைய வட ஆற்காட்டில் இதை நான் அழுத்திச் சொல்லியாக வேண்டும். கழிவுநீர்த் தொட்டிக்குள் ஒருவர் மயங்கிக் கிடக்கிறார் என்று அழைப்பு வந்தால், அங்கே ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும் என்றே கருதுங்கள். அதன் அழுகிய முட்டை நாற்றம், வாயு அடர்த்தியாக இருக்கும்போது மூக்கிற்குத் தெரியாமலே போய்விடும். தூக்கப் போனவரும், அவரைத் தூக்கப் போனவரும் அடுத்தடுத்து விழுவது இப்படித்தான். சுவாசக் கருவியோடு தீயணைப்புத் துறையினர் வரும்வரை நீங்களும் இறங்கக் கூடாது, மற்றவர்களையும் இறங்க விடக் கூடாது. மேலே நின்று காத்திருப்பது கொடுமையாக இருக்கும். இருந்தாலும் காத்திருக்க வேண்டும்.

"குடிச்சிட்டு விழுந்து கெடக்காரு" என்று ஊரார் சொல்வதை நோய்க்கணிப்பாக ஏற்காதீர்கள். நினைவு தடுமாறும் எவருக்கும், ஒரு பக்கம் கை கால் விழுந்த எவருக்கும், குளுக்கோமீட்டரில் சர்க்கரை பார்த்தே ஆக வேண்டும்; 70-க்குக் கீழே போன சர்க்கரை குடிபோதைபோலவும் பக்கவாதம்போலவும் தோற்றம் தரும். உண்மையிலேயே பக்கவாதமாக இருந்தால், அவர் கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்ற நேரத்தை வீட்டாரிடம் கேட்டு எழுதுங்கள். அடைப்பைக் கரைக்கும் மருந்தைத் தருவதற்கு நான்கரை மணி நேரம் என்ற எல்லை அந்த நேரத்திலிருந்தே கணக்கிடப்படுகிறது.

ஒருமுறை பார்த்ததோடு பரிசோதனை முடிவதில்லை. நிலை மோசமானவரை ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை மறுபடி பார்க்க வேண்டும். ஏன் என்பதற்குக் கட்டுவிரியன் கடியைவிடச் சிறந்த பாடம் இல்லை. தரையில் படுத்துறங்கியவர் விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுவார். வீக்கம் இருக்காது, கடிவாய்கூடச் சரியாகத் தெரியாது. ஜவ்வாது மலையிலிருந்து ஒடுகத்தூர் வழியாக இறங்கும் நீண்ட பயணத்தில்தான் இமைகள் தொங்கத் தொடங்கும். ஒரே மூச்சில் எண்களைச் சத்தமாக எண்ணச் சொல்லுங்கள். முன்பு 25 வரை போனவர் இப்போது 12-இல் நின்றால், மூச்சுத்தசைகள் செயலிழந்து வருகின்றன என்று பொருள். தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடிகிறதா, எச்சிலை விழுங்க முடிகிறதா என்றும் பாருங்கள். உறிஞ்சு கருவியையும் மூச்சூட்டும் பையையும் அப்போதே கையெட்டும் தூரத்தில் எடுத்து வைக்க வேண்டும். கடித்த காலை அசையாமல் வையுங்கள். இறுக்கிக் கட்டவோ கீறவோ கூடாது. வீட்டார் ஏற்கெனவே இறுகக் கட்டியிருந்தால், அதை அவசரப்பட்டு அறுத்துவிடாமல் முன்தகவலிலேயே மருத்துவமனைக்குச் சொல்லுங்கள்.

வண்டி அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்குப் போனாலும் வேறு மருத்துவமனைக்குப் போனாலும், புறப்படும்போதே தொலைபேசியில் தகவல் சொல்லிவிடுங்கள். வந்து சேர்ந்ததும் மருத்துவமனையில் இருக்கும் எங்களுக்கு வேண்டியவை சில: என்ன நடந்தது, எத்தனை மணிக்கு, நீங்கள் கண்ட காயங்கள், முதல் அளவுகளும் கடைசி அளவுகளும், நீங்கள் கொடுத்த சிகிச்சை. முதல் அளவும் கடைசி அளவும் சேர்ந்தால்தான் அவர் தேறுகிறாரா, தேய்கிறாரா என்பது தெரியும். பூச்சிமருந்து குடித்தவர் என்றால் பாட்டிலையும், வழக்கமாக மாத்திரை சாப்பிடுபவர் என்றால் அந்த அட்டையையும் எடுத்து வாருங்கள். வழியில் ஒரு நிமிடம் வலிப்பு வந்து நின்றிருந்தால்கூட அதைச் சொல்லுங்கள். எங்கள் கைக்கு வரும்போது அது ஓய்ந்திருக்கும், நீங்கள் சொல்லாவிட்டால் அதை அறிய எங்களுக்கு வேறு வழியில்லை.