மினிமேப்பை அணைக்கலாமா?

கேம்களுக்குத் திரை வடிவமைப்பு செய்வது என் வேலை. பிளேடெஸ்ட் (ஆட்களை ஆடவிட்டுச் சோதிப்பது) நடக்கும்போது ஆடுபவரின் பின்னால் நின்று கவனிப்பதும் அதில் அடக்கம். ஓபன் வேர்ல்டு கேம், அதாவது இஷ்டம்போல் சுற்றித் திரியக்கூடிய பெரிய உலகம் உள்ள கேம் என்றால் அடிக்கடி இதைப் பார்க்கலாம்: குதிரை பாய்ந்து போகும், மலையும் ஆறும் கடந்து போகும், ஆடுபவரின் கண் மட்டும் மூலையில் இருக்கும் மினிமேப் என்ற சின்ன வரைபட வட்டத்தை விட்டு நகராது. மரத்தில் முட்டிய பிறகுதான் நடுத்திரைக்கே வருவார்.

அவரைக் குறை சொல்வதற்கில்லை. கையை நீட்டினால் கட்டைவிரல் எவ்வளவு அகலம் தெரிகிறதோ, கண்ணின் கூர்மையான பார்வை ஏறக்குறைய அவ்வளவுதான். சுமார் 2 டிகிரி. மூலையையும் நடுவையும் ஒரே நேரத்தில் தெளிவாகப் பார்க்க முடியாது. ‘விட்சர் 3’ (2015) வலது மேல்மூலையில் புள்ளிக்கோடு போட்டே கூட்டிப்போகும். கோட்டைப் பிடித்துக்கொண்டு போனவரிடம் வழியில் வந்த ஊரைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், முழிப்பார்.

அதற்காக எல்லா கேமிலும் மினிமேப்பை அணைத்துவிடு என்பது அரைகுறை அறிவுரை. ‘மாரோவின்ட்’டில் (2002) சின்ன மேப் இருந்தது, ஆனால் குவெஸ்ட் (ஆடுபவர் முடிக்கவேண்டிய பணி) எங்கே என்று அது காட்டாது. எந்தச் சாலை, எந்தத் திருப்பம் என்று பாத்திரங்களே வழி சொல்வார்கள், அது ஜர்னலில் (கேமுக்குள் இருக்கும் குறிப்பேட்டில்) ஏறும். அதே வரிசையில் வந்த ‘ஸ்கைரிம்’மில் (2011) திசை காட்டும் காம்பஸ் பட்டையில் போகவேண்டிய இடத்துக்குக் குறி வந்தது, பாத்திரங்கள் வழி சொல்வது பெரும்பாலும் போயிற்று. அங்கே குறியை எடுத்துவிட்டால் எந்தக் குகை என்று யாரைக் கேட்பது?

ஆகவே முதலில் குவெஸ்ட் விவரத்தைப் படியுங்கள். ஆறு, பாலம், திசை என்று ஏதாவது இருந்தால் தாராளமாக அணைக்கலாம். வெறும் பெயர் மட்டும் இருந்தால் வேண்டாம், நொந்துபோவீர்கள். நடுவழியும் உண்டு: ‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2’வில் கண்ட்ரோலரின் டி-பேடைக் (திசைப் பொத்தானை) கீழே அழுத்திப் பிடித்தால் ரேடாரை (அந்த கேமின் மினிமேப்பை) வெறும் காம்பஸாக மாற்றலாம். ‘கோஸ்ட் ஆஃப் சுஷிமா’ (2020) இன்னும் அழகு. டச்பேடை மேல்நோக்கித் தடவினால் போகவேண்டிய பக்கம் காற்று வீசும், புல் சாயும். என்னைக் கேட்டால் இந்தத் துறையில் வந்த நல்ல யோசனைகளில் அது ஒன்று.

ஒரு விஷயத்தை என் துறையினரே மறந்துவிடுகிறார்கள். மினிமேப்பில் எதிரிக்குச் சிவப்புப் புள்ளி, தோழனுக்குப் பச்சைப் புள்ளி என்றால், சிவப்பு-பச்சை நிறக்குறைபாடு உள்ளவருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியலாம். அப்படிக் குழம்புகிறவர்கள் செட்டிங்ஸில் நிறக்குறைபாட்டு மோடு இருக்கிறதா என்று பாருங்கள். வடிவமைப்பவர்கள் எதிரியை முக்கோணமாகப் போடுங்கள், வேலை முடிந்தது.