டிவி பாத்திரம் போலவே பேசும் குழந்தை: எதைக் கவனிக்க வேண்டும்?

பேச்சுப் பயிற்சிக்கு வரும் பெற்றோர் அடிக்கடி கேட்பது இது: “குழந்தை எந்நேரமும் எல்மோ மாதிரியே பேசுது. இதை அப்படியே விடலாமா, தடுக்கணுமா?” எல்மோ, ‘செசமி ஸ்ட்ரீட்’ என்ற அமெரிக்கக் குழந்தைகள் நிகழ்ச்சியில் வரும் பொம்மைப் பாத்திரம். சிலர் ஆட்டிசமோ என்று பயந்துபோய் வருகிறார்கள். சிலருக்கு, பார்த்ததை அச்சு அசலாகச் சொல்கிறதே என்று பெருமை. இரண்டுமே அவசர முடிவுகள். குழந்தை அந்த வசனத்தை யாரிடம் சொல்கிறது, எதற்காகச் சொல்கிறது, அதை மாற்றிச் சொல்ல வருகிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

பார்த்ததைச் செய்துபார்ப்பது பிள்ளைகளின் இயல்பு. 1988ல் உளவியலாளர் ஆண்ட்ரூ மெல்ட்சாஃப் வெளியிட்ட ஆய்வில், ஒருவர் ஒரு பொம்மையை இழுத்து இரண்டாகப் பிரிப்பதை 14 மாதக் குழந்தைகள் டிவியில் பார்த்தார்கள். மறுநாள் அந்தப் பொம்மையைக் கையில் கொடுத்தபோது, பலர் அதையே செய்தார்கள். பேச்சு சரியாக வராத வயதிலேயே, நேற்று திரையில் கண்டது இன்று கைக்கு வந்துவிடுகிறது.

பழைய கல்வி நிகழ்ச்சிகளை உருவாக்கியவர்கள் இதை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். அமெரிக்காவில் குழந்தைகளுக்கான டிவி நிகழ்ச்சியை நடத்திய ஃப்ரெட் ராஜர்ஸ் ஒவ்வொரு முறையும் கதவைத் திறந்து உள்ளே வருவார், கோட்டைக் கழற்றி ஸ்வெட்டர் மாட்டிக்கொள்வார், ஷூவை மாற்றுவார். 1996ல் தொடங்கிய ‘ப்ளூஸ் க்ளூஸ்’ நிகழ்ச்சியில் கேள்வியைக் கேட்டுவிட்டு, பார்க்கும் பிள்ளை பதில் சொல்லட்டும் என்று சற்று நேரம் காத்திருப்பார்கள். ஒரே எபிசோடை வாரத்தில் ஐந்து நாளும் ஒளிபரப்பினார்கள். திரும்பத் திரும்பப் பார்த்த பிள்ளைகள் கூடுதலாகப் புரிந்துகொண்டதும், திரையைப் பார்த்துக் கூடுதலாகப் பதில் சொன்னதும் ஆய்வில் தெரியவந்தது. இப்படிப்பட்ட நிகழ்ச்சியைப் பார்த்த குழந்தை அதில் வருபவரைப் போல நடந்துகொண்டால், அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

எல்மோ தன்னை ‘நான்’ என்று சொல்லாமல் பெயர் சொல்லியே குறிப்பிடும். குழந்தையும் அப்படிப் பேசினால் நிகழ்ச்சியின் மேல் பழி விழுகிறது. டிவியே பார்க்காத இரண்டு வயதுப் பிள்ளைகளும் அப்படிப் பேசுவதுண்டு. பெரும்பாலும் மூன்று வயதை ஒட்டி ‘நான்’ வந்துவிடும்.

விளையாட்டில்தான் வேறுபாடு தெளிவாகத் தெரியும். எல்மோ வரும் அதே நிகழ்ச்சியில் பிஸ்கட்டை ஆசையாக விழுங்கும் பொம்மை குக்கி மான்ஸ்டர். அதுவாக மாறிய ஒரு பிள்ளை பிஸ்கட்டை நொறுக்கி வாயைச் சுற்றிச் சிதறவிட்டு, அம்மா சிரிக்கிறாரா என்று முகத்தைப் பார்க்கும். அடுத்த நாள் கரடிப் பொம்மையைக் குக்கி மான்ஸ்டர் ஆக்கி, அதற்கு ஊட்டிவிடும். இன்னொரு பிள்ளை அதே வசனத்தை அதே ராகத்தில் சொல்லிக்கொண்டே இருக்கும். நடுவில் நாம் ஒரு வார்த்தையை மாற்றினால் அழுதுவிட்டு முதலிலிருந்து தொடங்கும். முதல் பிள்ளையோடு சேர்ந்து விளையாடினால் போதும். இரண்டாவது பிள்ளையைக் கவனித்துப் பார்க்க வேண்டும்.

கவனித்துப் பார்ப்பது என்றால் வாயை அடைப்பது இல்லை. கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வதை எக்கோலாலியா என்கிறோம். ஒரு காலத்தில் இதை அர்த்தமற்ற உளறல் என்று ஒதுக்கி, நிறுத்தவே முயன்றார்கள். 1980களில் பேச்சு, மொழி ஆய்வாளர் பாரி ப்ரிசண்டும் அவரோடு ஆய்வு செய்தவர்களும், இந்த வசனங்களுக்குப் பின்னால் கேட்பது, மறுப்பது, தன்னைத் தானே அமைதிப்படுத்திக்கொள்வது எனப் பல நோக்கங்கள் இருப்பதைக் காட்டினார்கள். பயிற்சிக்கு வந்த ஒரு பையன் சோர்ந்தபோதெல்லாம் ஒரு நிகழ்ச்சியின் கடைசியில் வரும் விடைபெறும் பாட்டைப் பாடுவான். அவனுக்கு அது ‘முடிஞ்சது, கிளம்பலாம்’ என்று அர்த்தம். அவன் அம்மாவும் நானும் அந்தப் பாட்டை நிறுத்தச் சொல்லவில்லை. அவன் பாடும்போதெல்லாம் “வீட்டுக்குப் போகலாம்” என்று சொல்லி, உடனே செருப்பை எடுத்துக் கொடுத்தோம். சில வாரங்களில் பாட்டின் நடுவே “வீட்டுக்கு” என்று அவனே சொன்னான்.

வீட்டிலும் இதைச் செய்யலாம். “ஒழுங்காப் பேசு” என்று அதட்டாதீர்கள். விருந்தினர் முன் நடித்துக்காட்டச் சொல்வதையும் விட்டுவிடுங்கள். அது வசனத்தை இன்னும் இறுக்கிவிடும். குழந்தை சொன்னதோடு உங்கள் வரி ஒன்றைச் சேர்த்து, அதன் முகத்தைப் பார்த்துக் காத்திருங்கள். டிவி நேரத்தைப் பொறுத்தவரை, இரண்டு முதல் நான்கு வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல். அதற்கும் குறைந்த வயதில் திரையே வேண்டாம்.

ஒரு வயது முடிந்தும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாதது, ஒன்றரை வயதிலும் வேண்டியதை விரலால் சுட்டிக்காட்டாதது, இரண்டு வயதில் வசனங்களை ஒப்பித்தாலும் சொந்தமாக இரண்டு சொற்களைச் சேர்த்துச் சொல்லாதது, வந்த சொற்கள் மறைந்துபோவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் ‘போகப் போகச் சரியாகிடும்’ என்று காத்திருக்க வேண்டாம். குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள், காது கேட்கும் திறனையும் சோதித்துவிடுங்கள். வரும்போது, குழந்தை அந்த வசனத்தைச் சொல்லும் ஒரு சின்ன வீடியோவையும், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்ற குறிப்பையும் கொண்டுவாருங்கள். அந்த வசனம் எதற்காக வருகிறது என்று கண்டுபிடிக்க எங்களுக்கு அது மிகவும் உதவும்.